கம்பளிக் காலுறைகளைச் சுருங்காமல் துவைத்து உலர்த்தும் முறை

கம்பளிக் காலுறையைத் தண்ணீரில் போட்டாலே சுருங்கிவிடும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. அந்த அச்சத்தால் சிலர் துவைக்காமலேயே வைத்திருக்கின்றனர். வேறு சிலர் மற்றத் துணிகளோடு சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு, குழந்தையின் காலுக்கும் போதாத அளவில் வெளியே எடுக்கின்றனர். தண்ணீர் கம்பளிக்குப் பகை அன்று. ஈரமாக இருக்கும்போது தேய்ப்பதும் கசக்குவதும் புரட்டுவதுமே சுருக்கத்திற்கு முதற் காரணம். சூடும் சோப்பின் காரமும் அந்தச் சுருக்கத்தை விரைவுபடுத்துகின்றன. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியின் காரணமும் தானாகவே விளங்கிவிடும்.

கம்பளி ஏன் சுருங்குகிறது?

கம்பளி இழை, நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்பரப்பில், கூரையில் ஓடு வேய்ந்தாற்போல, நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. ஆட்டின் உடலில் எல்லா இழைகளும் ஒரே திசையில் வளர்வதால் மழையில் நனைந்தாலும் அவை அவ்வளவு எளிதில் பின்னிக்கொள்வதில்லை. நூலாக நூற்கும்போதோ நுனியும் அடியும் கலந்து கிடக்கின்றன. அப்படிப்பட்ட நூல் நனைந்து, சூடேறி, தேய்க்கவும் படும்போது, ஒவ்வோர் இழையும் தன் அடிப்பக்கத்தை நோக்கி மட்டுமே நகர்கிறது. திரும்பி வர முயன்றால் அண்டை இழையின் செதில்கள் தடுத்துவிடுகின்றன. இவ்வாறு சிறிது சிறிதாக நகர்ந்து சிக்கிக்கொண்ட இழைகள் சடைபிடித்து, துணி தடித்துக் குறுகிவிடுகிறது.

இன்னொரு வகைச் சுருக்கமும் உண்டு. பின்னும்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட கண்ணிகள் முதல் நனைப்பில் தளர்ந்து இயல்பான நிலைக்குத் திரும்புவதால், புதிய காலுறை சற்றே சிறுத்துத் தோன்றலாம். ஈரமாக இருக்கும்போதே இழுத்து வடிவம் கொடுத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். சடைபிடித்த காலுறைக்கு அத்தகைய மீட்சி இல்லை.

படி 1: குறிச்சீட்டைப் படியுங்கள்

தண்ணீர்த் தொட்டியின் படத்தில் கை வரையப்பட்டிருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். தொட்டிக்குள் 30 என்று இருந்தால் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு கூடாது. தொட்டியின் அடியில் இரண்டு கோடுகள் இருந்தால் மிக மென்மையான சுழற்சி மட்டுமே போதும் என்று பொருள். சதுரத்திற்குள் வட்டம் வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி இட்டிருந்தால் டிரையரில் போடக்கூடாது. ‘சூப்பர்வாஷ்’ என்று எழுதப்பட்டிருக்கும் கம்பளியில் செதில்கள் மழுங்கடிக்கப்பட்டோ மெல்லிய பாலிமர்ப் பூச்சால் மூடப்பட்டோ இருப்பதால் அது மெஷின் துவைப்பைப் பெருமளவு தாங்கும். சீட்டு இல்லாத காலுறையும் கையால் பின்னிய காலுறையும் இந்தப் பதனிடல் பெறாதவை என்று கொண்டு, கையால் துவைப்பதே பாதுகாப்பானது.

படி 2: முன்னேற்பாடு

காலுறையை உட்புறம் வெளியே வருமாறு திருப்புங்கள். வியர்வையும் தோல் துகள்களும் உட்புறத்தில்தான் தங்குகின்றன. வெளிப்புறமும் உராய்விலிருந்து தப்பும். காய்ந்த மண்ணை மெல்லத் தட்டி உதிர்த்துவிடுங்கள். முதன்முறை துவைக்கும் காலுறை என்றால், அதை ஒரு தாளின்மேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உலர்த்தும்போது அந்த அளவுக்கு இழுத்து வைக்க இது மிகவும் உதவும்.

படி 3: தண்ணீரும் சோப்பும்

வாளியில் காலுறைகள் தாராளமாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் எடுங்கள். அதன் சூடு 30 டிகிரியைத் தாண்ட வேண்டாம். நம் உடற்சூடு ஏறத்தாழ 37 டிகிரி என்பதால், கையை விட்டால் இதமான சூடு தெரிந்தால் அது ஏற்கெனவே சற்று அதிகம். சூடும் குளிரும் தெரியாத நிலையே சரி.

சோப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறிவிடுகின்றனர். சாதாரணச் சலவைத் தூள் காரத்தன்மை உடையது; காரத்தில் கம்பளி இழை வீங்கி வலுவிழக்கிறது. பல தூள்களில் புரதக் கறையைச் சிதைப்பதற்காக என்ஸைம்கள் சேர்க்கப்பட்டிருக்கும். கம்பளியே புரதம் என்பதால் அந்த என்ஸைம்கள் கறையோடு சேர்த்து இழையையும் அரிக்கும். குளோரின் பிளீச்சை அருகிலேயே கொண்டு வராதீர்கள்; அது கம்பளியைக் கரைத்தே விடக்கூடியது. கம்பளிக்கென்று விற்கப்படும் திரவ சோப்பு சிறந்தது. அது கிடைக்காதபோது மிதமான ஷாம்பு சிறிதளவு போதும். முதலில் சோப்பைத் தண்ணீரில் நன்றாகக் கலந்துவிட்டு, பிறகே காலுறையை உள்ளே இடுங்கள்.

படி 4: ஊறவிடுங்கள், தேய்க்காதீர்கள்

காலுறைகளை மெல்ல அமிழ்த்தி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்வரை உள்ளங்கையால் அழுத்துங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் ஊறட்டும். இடையிடையே இரண்டு மூன்று முறை அழுத்தி விடுவித்தால் அதுவே போதுமான துவைப்பு. குதிகாலிலும் அடிப்பாதத்திலும் அழுக்கு மிகுந்திருந்தால் அங்கே ஒரு துளி சோப்பை வைத்து விரல் நுனியால் தட்டிக் கொடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று உரசும் பழக்கம் பருத்தித் துணிக்கு ஏற்றது. கம்பளியில் அந்த உரசலே சடையை உண்டாக்கும்.

படி 5: அலசுதல்

காலுறைகளை இரு கைகளாலும் தாங்கி வெளியே எடுத்து வைத்த பிறகு தண்ணீரை மாற்றுங்கள். குழாய் நீரை நேரடியாக அவற்றின்மேல் விழவிடாதீர்கள். அலசும் நீரும் துவைத்த நீரின் அதே சூட்டில் இருக்கட்டும். நுரை போகும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

படி 6: நீரை எடுத்தல்

முறுக்கிப் பிழிவது, நான் பார்த்தவரை, காலுறைகளை அதிகம் கெடுக்கும் செயல். ஈரமான கம்பளி உலர்ந்த கம்பளியைவிட வலிமை குறைந்தது. எளிதில் நீண்டு உருக்குலையும். ஆகவே முதலில் கைகளுக்கிடையே வைத்து அழுத்தி நீரை வடியுங்கள். பிறகு, உலர்ந்த தடித்த துண்டை விரித்து, அதன்மேல் காலுறைகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, சுருளின்மேல் உள்ளங்கையால் ஓரத்திலிருந்து ஓரம்வரை அழுத்துங்கள். துண்டு நன்றாக நனைந்துவிட்டால் இன்னொரு துண்டில் மறுபடியும் செய்யுங்கள். இந்தப் படியில் பொறுமை காட்டினால் உலரும் நேரம் வெகுவாகக் குறையும்.

படி 7: வடிவம் கொடுத்து உலர்த்துதல்

ஈரம் இருக்கும்போதே காலுறையை நேர்ப்பக்கமாகத் திருப்பி, தாளில் வரைந்த அளவுக்கு மெல்ல இழுத்து, குதிகால் மடிப்பைச் சீர்செய்து, மேல்விளிம்பின் வரிப்பின்னலை நெருக்கி விடுங்கள். காற்று மேலும் கீழும் புகும் வலைத்தட்டின்மேல் படுக்கவைத்து நிழலில் உலர்த்துவதே நல்லது. கொடியில்தான் போட வேண்டும் என்றால், நன்றாக நீர் எடுத்த பிறகு, விரல் நுனிப் பகுதியில் பிடிப்பானை மாட்டுங்கள்; மேல்விளிம்பில் மாட்டினால் எலாஸ்டிக் தளரும். கடும் வெயில் கம்பளியை மஞ்சளாக்கி வலுவிழக்கச் செய்யும். ஹீட்டரின்மேல் வைப்பதும் வேண்டாம். டிரையரோ ஈரம், சூடு, உருட்டல் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பதால், சடைபிடிக்கச் செய்வதற்கு அதைவிடப் பொருத்தமான கருவி வீட்டில் வேறில்லை.

கம்பளி, தொடுவதற்கு ஈரமாகத் தெரியாமலேயே தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வைத்திருக்கக்கூடியது. தொட்டால் உலர்ந்ததுபோல் தோன்றினாலும் இன்னும் சில மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு மடியுங்கள்.

மெஷினில் துவைக்கலாமா?

சீட்டு அனுமதித்தால் துவைக்கலாம். வலைப்பையில் இட்டு, 30 டிகிரி அல்லது குளிர்ந்த நீரில், கம்பளிக்கான சுழற்சியைத் தேர்ந்தெடுத்து, பிழியும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணிகளோடு சேர்க்காதீர்கள். துணி மென்மையாக்கி தேவையில்லை. அது இழைமேல் படலமாகப் படிந்து, வியர்வையை உறிஞ்சும் திறனைக் குறைக்கும்.

ஏற்கெனவே சுருங்கியிருந்தால்

முதலில் பின்னல் கண்ணிகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் இளஞ்சூடான நீரில் சிறிது முடி கண்டிஷனரைக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, இழைகள் வழுக்கும் நிலையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மாறி மாறி மெல்ல இழுத்து, பழைய அளவில் குண்டூசிகளால் பொருத்தி உலரவிடுங்கள். ஓரளவு பலன் கிடைக்கும். கண்ணிகள் மறைந்து துணி அட்டைபோல் தடித்திருந்தால் இழுப்பதில் பயனில்லை. ஆனால் அத்தகைய துணியை வெட்டினாலும் நூல் பிரியாது என்பதால், பாத அளவுக்கு வெட்டிக் காலணிக்குள் கதகதப்பான உள்தளமாகப் போட்டுக்கொள்ளலாம்.