கார் என்ஜினில் மோட்டார் சைக்கிள் கட்டுதல்: தொடங்குபவர்களுக்கான செய்முறை விளக்கம்

கார் என்ஜினில் ஓடும் மோட்டார் சைக்கிளைக் கட்ட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது எந்த என்ஜினைப் போடலாம் என்பதைத்தான். ஆனால் வேலை உருப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது என்ஜின் அன்று. அதிலிருந்து புறப்படும் சுழற்சியைப் பின்சில்லுவரை எந்த வழியாகக் கொண்டுபோகிறோம் என்பதே. என்ஜினை வாங்கிச் சட்டகத்தையும் அடித்துவிட்டு, கியர்பெட்டியை எங்கே வைப்பது என்று பிறகு யோசிப்பவர்களின் வண்டி பெரும்பாலும் கராஜின் மூலையிலேயே நின்றுவிடும். ஆகவே இந்த விளக்கம் சுழற்சி செல்லும் வழியில் தொடங்கி, சட்டகத்தை அதைச் சுற்றிக் கட்டும் ஒழுங்கில் அமைந்துள்ளது.

இதை ஏற்கெனவே செய்துகாட்டியவர்கள் உள்ளனர். ஜேர்மனியில் ஃபிரீடல் மூன்ச் 1966 இல் என்எஸ்யு காரின் நான்கு சிலிண்டர் என்ஜினைக் குறுக்காக வைத்துத் தமது மமுட் வண்டியைக் கட்டினார். பிரேசிலின் அமசோனாஸ் வண்டி வோக்ஸ்வாகன் பீட்டிலின் என்ஜினோடு அதன் கியர்பெட்டியையும் எடுத்துக்கொண்டதால் அதற்குப் பின்னோக்கிச் செல்லும் கியரும் கிடைத்தது. அமெரிக்காவில் 1990 இல் தொடங்கிய பொஸ் ஹொஸ் நிறுவனம் செவ்ரோலே வி8 என்ஜினை நீளவாக்கில் வைத்து, சுழற்சியை 90 பாகை திருப்பிப் பின்சில்லுக்கு அனுப்புகிறது. நாம் கடைப்பிடிக்கப்போவது இந்த மூன்றாவது வழியை.

வேலைக்கு முன் சட்டம்

இலங்கையில் வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் குறிக்கப்பட்டிருக்கும். இங்கு விவரிக்கும் வண்டியில் இரண்டும் மாறுகின்றன. வண்டியின் வகையும் மாறுகிறது. ஆகவே இரும்பை வெட்டுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் விண்ணப்பித்து, அவர்கள் தரும் பதிலைக் கோப்பில் வைத்திருங்கள். அனுமதி கிடைக்காதவரை இந்த வண்டி மதில் கட்டிய சொந்தக் காணிக்குள் மட்டும் ஓடவேண்டியது. என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டையும் அது கழற்றப்பட்ட வாகனத்தின் ஆவணப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். அவை இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் என்ஜின் உண்மையில் மலிவானது அன்று.

காரினுடையதா, வானினுடையதா

மாருதி 800 காரிலும் மாருதி ஒம்னி வானிலும் உள்ளது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சுசுகி எஃப்8பி என்ஜின்: மூன்று சிலிண்டர், 796 சிசி, நீரால் குளிர்வது. சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 72 மி.மீ. காபுரேட்டர் பொருத்திய வடிவத்தில் ஏறத்தாழ 35 குதிரைவலுவும் 60 நியூட்டன் மீற்றருக்கு நெருங்கிய முறுக்குவிசையும் தரும். வேகத்துக்காக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அந்தப் பணத்தில் நல்ல மோட்டார் சைக்கிளொன்றை வாங்குவதே அறிவுடைமை. பொறுமையாக இழுக்கும் வண்டியொன்றைத் தம் கையால் கட்டிப் பழக விரும்புகிறவர்களுக்கு இந்த என்ஜின் போதும். உதிரிப்பாகம் தேடி அலையவும் வேண்டியதில்லை.

காரில் இந்த என்ஜின் குறுக்காக நிற்கிறது; கியர்பெட்டியும், சுழற்சியை இரு சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியாகிய டிஃபரன்சியலும் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கின்றன. அந்தத் தொகுதியை அப்படியே இரு கால்களுக்கிடையில் வைத்தால் ஓட்டுபவர் கால்களை அகட்டியே உட்கார வேண்டியிருக்கும். வளைவில் சாயும்போது கியர்பெட்டியின் முனை தார் வீதியில் உரசும். ஒம்னி வானிலோ என்ஜின் நீளவாக்கில் இருக்கிறது. ஒடுங்கிய கியர்பெட்டி அதன் பின்னால் நேர்கோட்டில் வந்து, புரொப்பெல்லர் சாஃப்ட் வழியாகப் பின் அச்சைச் சுழற்றுகிறது. எனவே வானின் என்ஜின், கியர்பெட்டி, பின் அச்சின் நடுப்பகுதி ஆகிய மூன்றையும் ஒரே வானிலிருந்து வாங்குங்கள். திருகோணமலையின் அனுராதபுரச் சந்தியைச் சுற்றியுள்ள கராஜ்களில் விசாரித்துக் கிடைக்காவிட்டால் கொழும்பின் பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டியிருக்கும். முன்சில்லைப் பிடிக்கும் ஃபோர்க்கும் இரட்டை டிஸ்க் பிரேக்கும் எப்படியும் அங்கேதான் தேடப்படவேண்டியவை: 400 சிசி அல்லது அதற்கு மேற்பட்ட ஜப்பானிய வண்டியினுடையதும், குழாயின் விட்டம் 41 மி.மீ. அளவில் உள்ளதுமான ஃபோர்க்கே இந்தப் பாரத்தைத் தாங்கும்.

வாங்கிய என்ஜினை முதலில் தரையில் ஓர் இரும்புத் தாங்கியில் பூட்டி, ரேடியேற்றரும் பற்றரியும் கொடுத்து, அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். மூன்று சிலிண்டர்களிலும் அழுத்தத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட், நீர்ப்பம்பு, கிளச் தட்டு ஆகியவற்றை இப்போதே மாற்றுங்கள். சட்டகத்துக்குள் போன பிறகு இவற்றைத் தொடுவது ஒரு நாள் வேலையாகிவிடும்.

சுழற்சியைத் திருப்புதல்

வானின் பின் அச்சில் நடுவில் உள்ள டிஃபரன்சியல்தான் நமக்கு 90 பாகைத் திருப்பத்தைத் தரப்போகிறது. அச்சின் இரு பக்கக் குழாய்களையும் வெட்டிக் குறுக்கி, இடப்பக்கத்தில் மட்டும் ஓர் அரை அச்சை வெளியே விட்டு, வலப்பக்கத்தைத் தகட்டால் எண்ணெய் கசியாதபடி மூடவேண்டும். இடப்பக்க அரை அச்சின் முனையில், முன்பு பிரேக் டிரம் பூட்டியிருந்த விளிம்பிலேயே செயின் ஸ்புரொக்கெட்டைப் பூட்டலாம். வானின் பாரத்தைத் தாங்கிய அதே பெயாரிங் செயினின் இழுவையையும் தாங்கும். குறுக்கிய அரை அச்சைப் பழைய இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்யக்கூடாது. நல்ல லேத் பட்டறையில் புதிதாகப் பல்வரி வெட்டுவித்து, பதப்படுத்தி எடுங்கள்.

டிஃபரன்சியலுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள் இரண்டு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்காக அமைந்தவை. நமக்கு இருப்பது ஒரே வெளியீடு. மறுபக்கத்தைச் சும்மா விட்டால் சுழற்சி முழுவதும் அந்த வெற்றுப் பக்கத்துக்கே போய்விடும், வண்டி அசையாது; அதை அசையாமல் பிடித்துவைத்தால் செயின் பக்கம் இருமடங்கு வேகத்தில் சுழலும். எனவே சிறு பற்சக்கரங்களை எடுத்துவிட்டு, இரு பக்கத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் திண்டு ஒன்றைக் கடைந்து போடவேண்டும். பற்களை வெல்டிங் வைத்துப் பூட்டுவது மலிவான வழி என்றாலும், பதமேற்றிய உருக்கில் வைத்த ஒட்டு வெடித்தால் அதன் சிதறல் கிரவுன் பற்சக்கரத்துக்குள் விழும்.

இந்த டிஃபரன்சியலை வானில் இருந்த அதே நிலையில், சாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கும் சிறு பற்சக்கரமாகிய பினியன் முன்னோக்கியும் மேற்பக்கம் மேலேயும் இருக்கும்படி வையுங்கள். இடவசதிக்காகத் தலைகீழாகத் திருப்பினால் வெளியீடு எதிர்த்திசையில் சுழலும்: முன்னோக்கிப் போக ஒரு கியரும் பின்னோக்கிப் போக நான்கு கியர்களும் உள்ள வண்டி ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். எண்ணெயும் போகவேண்டிய பெயாரிங்குக்குப் போகாது. என்ஜினையும் இவ்வாறே வானில் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் வைக்கவேண்டும். எண்ணெய்த் தொட்டியும் காபுரேட்டரின் மிதவையும் அந்தச் சாய்வுக்கே அமைந்தவை.

இனி ஸ்புரொக்கெட் கணக்கு. பினியனைக் கையால் சுற்றி, வெளியீடு ஒரு சுற்று வருவதற்கு அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு அது 5 என்றும், நான்காவது கியர் நேரடி விகிதம் (1க்கு 1) என்றும் வைப்போம். 140/70 அளவுள்ள 17 அங்குல ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.97 மீற்றர். முன்னும் பின்னும் சம பற்கள் உள்ள ஸ்புரொக்கெட் போட்டால், என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றும்போது சில்லு 1000 சுற்றுச் சுற்றும். வேகம் மணிக்கு ஏறத்தாழ 118 கிலோமீற்றர். வேறு எந்தக் குறைப்பும் தேவையில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

இங்கே பழக்கதோஷத்தால் பலர் முன்னால் 15 பல் உள்ள சிறு ஸ்புரொக்கெட்டைப் போட நினைப்பார்கள். சாதாரண மோட்டார் சைக்கிளில் அது சரி. டிஃபரன்சியலுக்குப் பின்னால் அது ஆபத்து. முதலாம் கியரின் விகிதம் 3.5 என்றால் வெளியீட்டு முறுக்குவிசை 60, 3.5, 5 ஆகிய மூன்றின் பெருக்கமாகிய 1050 நியூட்டன் மீற்றர். 530 இலக்கச் செயினுக்குரிய 40 பல் ஸ்புரொக்கெட்டின் ஆரை ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். அப்போது செயினில் விழும் இழுவை ஏறத்தாழ 10,000 நியூட்டன். அதே இடத்தில் 15 பல் போட்டால் இழுவை 27,000 நியூட்டனைத் தாண்டும். செயின் அறும் எல்லைக்கு அது மிக அருகில். பின்சில்லு வழுக்குவதால் இந்த முழு இழுவையும் எப்போதும் வராது என்பது உண்மையே. ஆனாலும் அறுந்த செயின் ஓட்டுபவரின் காலுக்கு அருகில் சுழலும் பொருள் என்பதை எண்ணி, இரண்டு பக்கமும் பெரிய ஸ்புரொக்கெட்டையும் தடித்த தகட்டு மூடியையும் போடுங்கள்.

சட்டகம்

என்ஜின், கியர்பெட்டி, இரண்டு மூட்டுகள் கொண்ட குறுகிய சாஃப்ட், டிஃபரன்சியல் ஆகியவற்றைச் சமதரையில் மரக்கட்டைகள் மேல் நேர்கோட்டில் அடுக்கி, முன்னும் பின்னும் சில்லுகளை நிறுத்திப் பாருங்கள். இரு சில்லுகளின் மையங்களுக்கிடையிலான தூரம் 2 மீற்றரை நெருங்கும், அது நீளந்தான். எதிரும் புதிருமாக வாகனம் வரும் ஒடுங்கிய ஒழுங்கைகளில் திருப்பும்போது பின்னோக்கிச் செல்லும் கியரின் அருமை தெரியும். அரிசி மூட்டை நிறுக்கும் தளத் தராசுகள் இரண்டைக் கடனாக வாங்கி, ஒவ்வொரு சில்லின் கீழும் ஒன்றை வைத்து, ஓட்டுபவர் உட்கார்ந்த நிலையில் பாரம் ஏறத்தாழப் பாதிப்பாதியாக விழுமாறு என்ஜினை முன்பின் நகர்த்துங்கள்.

சட்டகத்துக்கு 35 மி.மீ. அளவு வெளிவிட்டமும் 2.5 முதல் 3 மி.மீ. தடிப்பும் கொண்ட, பொருத்துவரி இல்லாத உருக்குக் குழாய் வேண்டும். நீர்க்குழாய்க்கான கல்வனைஸ் குழாய் கூடவே கூடாது: அதன் நாகப்பூச்சு வெல்டிங் சூட்டில் நச்சுப் புகையாக எழும், உருக்கின் தரமும் தெரியாது. ஃபோர்க்கின் சாய்வை நிலைக்குத்திலிருந்து 30 பாகை எனக் கொண்டால், முன்சில்லின் ஆரை 310 மி.மீ. ஆகவும் ஃபோர்க் தாங்கியின் விலகல் 45 மி.மீ. ஆகவும் இருக்கும்போது, ஆரையைச் சாய்வின் சைனால் பெருக்கி, விலகலைக் கழித்து, வருவதைக் கோசைனால் வகுத்தால் பின்தொடர் தூரம் (ஃபோர்க் திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும் முன்சில்லு தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தூரம்) 127 மி.மீ. எனக் கிடைக்கும். 100 முதல் 130 வரை உள்ள அளவு நேரோட்டத்துக்கு நல்லது. பின்சில்லைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஆடுகரத்தின் சுழல்மையத்தை வெளியீட்டு ஸ்புரொக்கெட்டின் மையத்துக்கு இயன்றவரை அருகில் வையுங்கள். அப்போதுதான் பள்ளத்தில் விழுந்தெழும்போது செயின் இறுகித் தளர்வது குறையும்.

வெல்டிங்கைத் திருகோணமலையின் காற்றை அறிந்து திட்டமிடவேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் திறந்த கொட்டிலில் மிக் வெல்டிங் செய்தால், காப்புவாயுவைக் காற்று அள்ளிக்கொண்டு போய், ஒட்டுக்குள் துளைகள் விழும். வெளியே பளபளப்பாகத் தெரிவதால் அது கண்ணுக்கும் படாது. வாடைக்காலத்து மழையிலோ 7018 வகை வெல்டிங் குச்சிகள் ஈரம் குடித்து ஒட்டை வெடிக்கச் செய்யும்; அவற்றைச் சூளையில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். முதலில் புள்ளிகளாக மட்டும் ஒட்டி, எல்லாவற்றையும் பொருத்திச் சரிபார்த்து, கழற்றி, பிறகு முழு ஒட்டையும் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு வைப்பியுங்கள். நாலாபுறமும் உப்புக்காற்று உள்ள ஊர் என்பதால், குழாய்களின் வாய்களை மூடி, எப்பொக்சி அடிப்பூச்சுக் கொடுக்காமல் வண்ணம் பூசுவது வீண்செலவு.

கையும் காலும்

வானின் கியர்பெட்டி எச் வடிவில் மாற்றப்படுவது. காலால் தட்டி மாற்றும் முறை அதற்கு ஒத்துவராது. எனவே பெற்றோல் தாங்கியின் இடப்பக்கத்தில் கைநெம்பு, இடக்காலில் கிளச் மிதி, வலக்கையில் முன் பிரேக்கும் திரொட்டிலும், வலக்காலில் பின் பிரேக் என்று அமைக்கவேண்டும். திருகோணமலையின் ஓர்ஸ் ஹில் போன்ற ஏற்றத்தில் நின்று புறப்படுவது இந்த முறையில் கடினம்: கிளச்சில் இடக்கால் இருக்கும், தரையில் வலக்கால் இருக்கும், வண்டியை முன் பிரேக் மட்டுமே பிடித்துநிற்கும். ஆகவே முன் பிரேக்குக்குப் பூட்டு ஒன்று வைப்பது நல்லது.

காபுரேட்டருக்கு இரண்டு மீள்சுருள்களாவது போடுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது மூடவேண்டும். நீளவாக்கில் உள்ள என்ஜின் திரொட்டிலைத் திருகும்போது வண்டியைப் பக்கவாட்டில் சற்றுச் சாய்க்கும். அது பழுதன்று, பழகவேண்டிய இயல்பு.

குளிர்த்தலில் நம் ஊர் மெக்கானிக்குகள் சிலர் தெர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்துவிடுமாறு சொல்வார்கள். கேட்காதீர்கள். அது இல்லாத என்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும். பெற்றோலைக் கூடுதலாகக் குடித்து விரைவில் தேயும். நல்ல ரேடியேற்றரும், சூட்டறிந்து தானே சுழலும் மின்விசிறியும், உவர்க் கிணற்று நீருக்குப் பதிலாகக் கூலன்ற்றும் இருந்தால் சித்திரை வெயிலிலும் பிரச்சினை வராது.

ஓட்டிப் பார்த்தல்

பிரேக்கைச் சோதிப்பது என்ஜினை இயக்குவதற்கு முந்திய வேலை: வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், முன் பிரேக்கும் பின் பிரேக்கும் தனித்தனியே பிடிக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு பின்சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, எல்லாக் கியர்களிலும் மெதுவாகச் சுழலவிட்டு, சில்லு சுழலும் திசை, செயினின் நேர்கோடு, மூட்டுகளின் அதிர்வு ஆகியவற்றைக் கவனியுங்கள். அதன்பின், ஹெல்மெட்டும் தடித்த சப்பாத்தும் அணிந்து, அருகில் தீயணைப்பான் ஒன்றுடன் ஒருவரை நிறுத்திவைத்து, சொந்தக் காணியில் முதலாம் கியரில் நடைவேகத்தில் ஓட்டுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னரும் என்ஜின் ஆறியதும் என்ஜினைத் தாங்கும் நட்டுகளை முறுக்குமானியால் இறுக்கிப் பார்த்து, முக்கிய ஒட்டுகளை மண்ணெண்ணெயால் நனைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துவிடுங்கள். நுண்வெடிப்பு இருந்தால் சற்று நேரத்தில் எண்ணெய்க் கோடாக வெளித்தெரியும். ஃபோர்க் செருகப்பட்டுள்ள கழுத்துக் குழாயைச் சுற்றியும் ஆடுகரத்தின் சுழல்மையத்தைச் சுற்றியும் அப்படியொரு கோடு தெரிந்தால் அதன்மேல் இன்னோர் ஒட்டைப் போட்டு மறைக்காமல், வெட்டியெடுத்து, உட்புறம் துண்டுக்குழாய் செருகி, புதிதாக இணைக்கவேண்டும்.