பிளாக் வேணும்னா எந்த பிளாக்? பிஸ்டன், ரோட்டரி எஞ்சின் பாகங்களைப் பெயர் சொல்லிப் பழகுவோம்

சென்னையின் வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் போய் "பிளாக் இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால், "எந்த பிளாக்கு?" என்றுதான் பதில் வரும். பைக் மெக்கானிக்குக்கு பிளாக் என்பது விலா விலாவாக இருக்கும் அந்த ஒற்றை சிலிண்டர். ‘பிளாக் பிஸ்டன் கிட்’ என்று பெட்டியில் விற்பதும் அதைத்தான். கார் மெக்கானிக்குக்கு எல்லா சிலிண்டர்களும் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) உட்காரும் இடமும் சேர்ந்த பெரிய வார்ப்புதான் பிளாக். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் ரோட்டரி எஞ்சினிலோ பிளாக் என்று ஒன்று கிடையவே கிடையாது.

படி 1: வாங்கும் முன் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

உள்ளே ஒன்றும் இல்லாத வார்ப்பு வெறும் பிளாக். அதில் கிராங்க், பிஸ்டன், இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு பூட்டினால் ஷார்ட் பிளாக். மேலே சிலிண்டரை மூடும் ஹெட், வால்வு, வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் ஏறினால் லாங் பிளாக். மேனிஃபோல்டு, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் இதிலும் வராது.

‘ஆஃப் எஞ்சின்’ (அரை எஞ்சின்) என்ற சொல்லில் மட்டும் உஷாராக இருங்கள். ஒரு கடையில் அது ஹெட் இல்லாதது, அடுத்த கடையில் ஹெட்டோடு சேர்ந்தது. "ஹெட் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டுவிட்டே விலை பேசுங்கள். இன்னொன்று, காரில் எஞ்சின் எண் பிளாக்கில்தான் பொறித்திருக்கும். பிளாக்கை மாற்றினால் ஆர்.சி.யிலும் எண் மாற வேண்டும். பில் தராத கடையில் பழைய பிளாக் வாங்க வேண்டாம்.

படி 2: வெறும் பிளாக்கைச் சுற்றிப் பாருங்கள்

ஹெட் உட்காரும் தட்டையான மேல்தளம் டெக். அதில் பெரிய வட்டங்கள் போர். அவற்றைச் சுற்றியுள்ள ஒழுங்கற்ற துளைகள் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட்டுக்குப் போகும். சின்ன வட்டத் துளைகளில் ஆயில் ஏறும், இறங்கும். டெக்கின் மேல் நேர்விளிம்புச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். சிறிய கார்களில் 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே சந்தேகப்பட வேண்டும். வளைந்த டெக்கில் ஹெட்டுக்கு அடியில் எத்தனை புது கேஸ்கெட் போட்டாலும் ஊதும்.

பக்கவாட்டில் தகரக் கிண்ணம் போல அடித்து வைத்திருப்பவை கோர் பிளக். அமெரிக்கர்கள் இதை ஃப்ரீஸ் பிளக் என்பார்கள். சென்னையில் எதுவும் உறையப் போவதில்லை, அந்தப் பெயரை மறந்துவிடலாம். உண்மையில் அவை வார்ப்பு மணலை வெளியே எடுக்க விட்ட துளைகளின் மூடிகள். கூலன்டுக்குப் பதில் உப்பு ஏறிய போர்வெல் தண்ணீரை ஊற்றி ஓட்டும் வண்டிகளில் இவை உள்பக்கமாகத் துருப்பிடித்து, ஒருநாள் ஊசித் துளை விழுந்து ஒழுகும்.

கவிழ்த்தால் கிராங்க் படுக்கும் மெயின் பேரிங் இடங்களும் அவற்றின் மூடிகளான கேப்களும் தெரியும். கேப்பைப் பூட்டிய நிலையில்தான் தொழிற்சாலையில் அந்தத் துளையைக் குடைகிறார்கள். எனவே கேப்களை இடம் மாற்றியோ திருப்பியோ போடக் கூடாது. போட்டால் கிராங்க் பிடித்துக்கொள்ளும். கழற்றும் முன்பே எண்ணும் அம்புக்குறியும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 3: போர், ஸ்ட்ரோக், சிசி

போர் என்பது சிலிண்டரின் விட்டம். பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை போகும் தூரம் ஸ்ட்ரோக். போரைப் போராலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்காலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். மாருதி 800-க்கு போர் 68.5, ஸ்ட்ரோக் 72 மி.மீ., மூன்று சிலிண்டர். 7,96,000 கன மி.மீ. சொச்சம் வரும், அதாவது 796 சிசி. இதே பிளாக்கை 0.50 மி.மீ. பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டனுக்கு ரீபோர் செய்தால், அதாவது போரைக் குடைந்து பெரிதாக்கினால், சுமார் 808 சிசி ஆகும். ‘ரீபோர் போட்டால் பவர் ஏறும்’ என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

படி 4: தேய்மானத்தை அளந்து பாருங்கள்

இந்த வேலையில் அவசரம் ஆகாது. போர் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆறு அளவு எடுங்கள்: மேலே, நடுவே, கீழே என மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் கிராங்க் வாக்கில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். ஒரே உயரத்தில் இரு திசைக்கும் உள்ள வித்தியாசம் ஓவாலிட்டி.

மேல்பக்கம்தான் அதிகம் தேயும். டாப் ரிங் அங்கே நின்று திரும்புகிறது, சூடும் அங்கேதான், ஆயில் படலமும் அங்கேதான் மெலிது. குறுக்குவாக்கில் தேய்வதற்குக் காரணம், சாய்ந்த கனெக்டிங் ராடு பிஸ்டனைப் பக்கச்சுவர் மீது தள்ளுவது.

அளவு மீறியிருந்தால் ரீபோர். ஓவர்சைஸ் பிஸ்டன் வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று வரும். பழைய லேத்காரர்கள் இதையே பத்து, இருபது, முப்பது, நாற்பது என்பார்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு. எல்லா வண்டிக்கும் எல்லா சைஸும் கிடைக்காது. ஆகவே பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் பிளாக்கோடு லேத்தில் கொடுங்கள். பிஸ்டனை அளந்து, இடைவெளி விட்டு, போரைக் குடைந்து ஹோன் செய்வதுதான் (கல்லால் தேய்த்து மெருகேற்றுவதுதான்) சரி. பிளாக்கை மட்டும் கொடுத்து ‘இருபது போட்டுடுங்க’ என்று சொல்லிவிட்டு வருவது வம்பு. இடைவெளி குறைந்தால் பிஸ்டன் சீஸ் ஆகும், கூடினால் தட்டும், ஆயில் குடிக்கும்.

பூட்டும் முன் ரிங்கைத் தனியாக போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். தோராயமாக போரில் ஆயிரத்தில் நான்கு பங்கு, மாருதி 800-க்கு 0.27 மி.மீ. அளவில், இருக்க வேண்டும். மேனுவல் சொல்லும் எண் கையில் இருந்தால் அதுவே முடிவு.

படி 5: ரோட்டரிக்கு வேறு அகராதி

நம் சாலையில் மஸ்டா என்றால் ஸ்வராஜ் மஸ்டா டீசல் வேன்தான் நினைவுக்கு வரும். அதே மஸ்டா ஜப்பானில் 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட்டில் இரண்டு ரோட்டர் வான்கல் (ரோட்டரி) எஞ்சினை வைத்து விற்றது. இணையத்தில் நீங்கள் அதிகம் பார்க்கும் பெயர் 13பி, அதுவும் மஸ்டாவின் இரண்டு ரோட்டர் எஞ்சின்தான்.

இதில் பிளாக்குக்குப் பதில் பலகாரத் தட்டுகளைப் போல அடுக்கிய ஹவுசிங்குகள்: முன் சைடு ஹவுசிங், ரோட்டர் ஹவுசிங், நடு ஹவுசிங், இன்னொரு ரோட்டர் ஹவுசிங், பின் சைடு ஹவுசிங். நீளமான டென்ஷன் போல்ட்டுகள் இவை எல்லாவற்றையும் ஊடுருவி இறுக்குகின்றன. ரோட்டர் ஹவுசிங்கின் உள்வடிவம் இரட்டைப் பருப்பு வேர்க்கடலையைப் போல நடுவில் லேசாக ஒடுங்கியிருக்கும். அதற்குள் முக்கோண ரோட்டர் சுற்றும். அதன் மூன்று பக்கங்களுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள் உண்டாகும்.

கிராங்க்கின் வேலையைச் செய்வது எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். ரோட்டரின் உள்பல் 51, அசையாத ஸ்டேஷனரி கியரின் பல் 34. இதனால் ரோட்டர் ஒருமுறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றிவிடும். ரிங்குக்கு ஈடாக முனைகளில் ஏபெக்ஸ் சீல், பக்கங்களில் சைடு சீல், இரண்டும் சேரும் மூலையில் கார்னர் சீல். வால்வும் கேம்ஷாஃப்ட்டும் இல்லை, காற்றும் புகையும் ஹவுசிங்கிலுள்ள போர்ட் என்ற துளைகள் வழியே போய்வரும்.

போர், ஸ்ட்ரோக் என்று இங்கே பேச முடியாது. 13பி-யின் எக்சென்ட்ரிசிட்டி (ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து ரோட்டரின் மையம் விலகிய தூரம்) 15, ரோட்டர் ஆரம் (மையத்திலிருந்து முனைவரை) 105, அகலம் 80 மி.மீ. மூன்றையும் பெருக்கி 5.196-ஆல் பெருக்கினால் ஓர் அறைக்கு 654 சிசி. இரண்டு ரோட்டருக்கு 1,308. ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றுவதற்குள் நான்கு அறைகள் வெடிக்கின்றன. ஃபோர் ஸ்ட்ரோக் பிஸ்டன் எஞ்சினில் இதே இரண்டு சுற்றில் எல்லா சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். எனவே அதோடு ஒப்பிடும்போது இரட்டிப்பாக்கி 2.6 லிட்டர் என்பதே எங்கள் கட்சி.

இதற்கு ரீபோர் கிடையாது. உள்சுவரில் குரோம் பூச்சு. அது உரிந்தால் ஹவுசிங்கை மாற்ற வேண்டும், அல்லது மறுபூச்சுப் போட வேண்டும். கூலன்ட் குறைந்து வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட்டைத் தேடாதீர்கள், அப்படி ஒன்று இல்லை. ஹவுசிங்குகளுக்கு நடுவே உள்ள தண்ணீர் சீல் போயிருக்கும். கொஞ்சம் ஆயில் குறைவது மட்டும் பழுதல்ல. சீல்களுக்கு எண்ணெயிட ஒரு பம்ப் வேண்டுமென்றே ஆயிலை உள்ளே விடுகிறது.

கம்ப்ரஷன் (அறைக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்கும்போது சாதாரண கேஜ் ஏமாற்றும். அதிலுள்ள நான்-ரிட்டர்ன் வால்வு மூன்று அறைகளில் உயர்ந்த அளவை மட்டும் பிடித்து நிறுத்திவிடும். வால்வைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் முள் மூன்று மூன்றாகத் துள்ளும். மூன்றும் ஒரே உயரம் என்றால் நலம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்தப் பக்கத்து சைடு சீலைப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு தாழ்ந்தால் அவற்றுக்கு நடுவே நிற்கும் ஏபெக்ஸ் சீல் போயிருக்கிறது.