எம்.2 எஸ்எஸ்டி போட்டதும் ஹார்டு டிஸ்க் மறைந்தால்

மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்ன அட்டை போன்ற சேமிப்பகம்தான் எம்.2 எஸ்எஸ்டி. புதிதாகப் போட்ட அது, கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்புத் திரையான பயாஸில் சரியாகத் தெரிந்தது. கூடவே இருந்த ஹார்டு டிஸ்க்கைத்தான் காணவில்லை. டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் மாற்றினேன், பயாஸை அப்டேட் செய்தேன். பலனில்லை. அதே டிஸ்க் வேறு கம்ப்யூட்டரில் ஜோராக ஓடியது.

விடை மதர்போர்டு கையேட்டில், எம்.2 அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: அந்த ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் 5-ஆம் சாட்டா போர்ட் வேலை செய்யாது. இரண்டுக்கும் ஒரே பாதை. கேபிளை 3-ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன், டிஸ்க் வந்துவிட்டது. அப்பாடா!

எம்.2 என்பது வடிவம் மட்டும்தான். தகவல் போகும் முறை சாட்டாவாகவும் இருக்கலாம், அதைவிட வேகமான என்விஎம்இ-யாகவும் இருக்கலாம். எஸ்எஸ்டியின் செருகும் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒன்றே என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எஸ்எஸ்டி கச்சிதமாக உட்காரும், திருகும் ஏறும், பயாஸில் மட்டும் தலைகாட்டாது.