பிரெக்ஸிட்டுக்குப் பின் பிரித்தானியாவில் வதிவிட உரிமையைக் காத்துக்கொள்வது எப்படி?

2016 ஜூன் 23 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் 51.9 வீதமானோர் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக வேண்டும் என்றனர். மறுநாள் காலையில், பிரெஞ்சு, டச்சு, ஜேர்மன், டேனிஷ் கடவுச்சீட்டுகளுடன் பிரித்தானியாவுக்கு வந்து குடியமர்ந்திருந்த தமிழ்க் குடும்பங்களின் சட்ட நிலை அணுவளவும் மாறியிருக்கவில்லை. ஆனால் அது இனியும் மாறாது என்று உறுதி சொல்லத்தான் எவரும் இருக்கவில்லை. 2017 மார்ச்சில், ஏற்கனவே இங்கு வாழ்வோரின் உரிமைகளை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டுமென்ற திருத்தத்தைப் பிரபுக்கள் சபை 358க்கு 256 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. இரண்டு வாரம் கழிவதற்குள் பொதுச் சபை அதைத் தள்ளிவிட்டது. விலகும் நாளும் 2019 மார்ச் 29, ஏப்ரல் 12, அக்டோபர் 31 என்று நகர்ந்து, கடைசியில் 2020 ஜனவரி 31இல் வந்து நின்றது.

அந்த ஆண்டுகளில் 'எப்படி முடிகிறதென்று பார்த்துவிட்டுச் செய்வோம்' என்று காத்திருந்தவர்களே பின்னர் அதிகம் அலைந்தார்கள். அரசியல்வாதிகள் இழுபறிப்பட்டாலும், இறுதியில் கைச்சாத்தான விலகல் ஒப்பந்தம் கேட்பது மிக எளிய ஒரு கேள்வியைத்தான்: விலகலுக்குப் பின் பழைய விதிகளே தொடர்ந்த இடைக்காலம் முடிவடைந்த 2020 டிசம்பர் 31 இரவு 11 மணிக்கு முன்னர் நீங்கள் இங்கு வசிக்கத் தொடங்கிவிட்டீர்களா, அதைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது?

எனவே முதலில் உங்கள் நிலையைச் சரியாக வகைப்படுத்திக்கொள்ளுங்கள். அந்தத் திகதிக்கு முன்னர் இங்கு வாழ்ந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் விலகல் ஒப்பந்தத்தின் இரண்டாம் பகுதிக்குள் வருகிறார்கள். நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன், சுவிட்ஸர்லாந்து ஆகிய நாடுகளின் குடிமக்களுக்குத் தனி உடன்படிக்கைகள் உண்டு என்றாலும் விண்ணப்ப முறை ஒன்றுதான். அயர்லாந்துக் குடிமக்கள் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அந்தத் திகதிக்குப் பின்னர் முதன்முறையாக வந்தவர்கள், குடும்ப உறவின் வழியாக வந்தாலன்றி, மற்ற நாட்டவரைப் போலவே விசா விதிகளுக்கு உட்பட்டவர்கள்.

இங்கே பலர் தவறிவிடும் ஓர் இடம் உண்டு. ஒப்பந்தம் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு வழிகளைத் திறந்துவைத்தது. ஜேர்மனி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் அங்கு வாழும் பிரித்தானியருக்கு உரிமை சட்டப்படி தானாகவே உண்டு. அட்டை என்பது அதற்கான அத்தாட்சி மட்டுமே. பிரித்தானியாவோ, பிரான்ஸையும் நெதர்லாந்தையும் போல, மற்ற வழியைத் தேர்ந்தது: விண்ணப்பித்து அந்தஸ்து பெற்றால்தான் உரிமை. முப்பது ஆண்டுகள் இங்கு வாழ்ந்து வரி கட்டியவரும் விண்ணப்பிக்காவிட்டால் சட்டத்தின் பார்வையில் அனுமதியின்றி இருப்பவராகிவிடுவார். பிரெக்ஸிட்டுக்கு முன்னர் வழங்கப்பட்ட நிரந்தர வதிவிட ஆவணங்களும் 2021 ஜூன் 30க்குப் பின்னர் செல்லுபடியாகவில்லை. அந்த அட்டையை நம்பி விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் பலர்.

இந்த முறை அநியாயம் என்று சொல்பவர்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் கரீபியத் தீவுகளிலிருந்து முன்னரே வந்து குடியேறியவர்களுக்குத் தங்கும் உரிமையை ஆவணம் ஏதும் கொடுக்காமலேயே வழங்கியிருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து, அதை நிரூபிக்க முடியாமல் அவர்களிற் பலர் வேலையையும் வீட்டையும் மருத்துவ வசதியையும் இழந்தார்கள். சிலர் நாடு கடத்தவும்பட்டார்கள். 'விண்ட்ரஷ்' என்ற பெயரில் 2018இல் வெளிவந்து நாட்டையே உலுக்கிய விவகாரம் அது. உரிமை இருந்தும் அத்தாட்சி இல்லாதவன் என்ன ஆவான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னும் விண்ணப்பிக்காதவர்கள்

இந்த அந்தஸ்துக்கு விண்ணப்பிக்கும் முறையான செட்டில்மென்ட் திட்டத்தின் பொது இறுதி நாள் 2021 ஜூன் 30. அது கடந்துவிட்டது என்பதற்காக வழி அடைபட்டுவிடவில்லை. ஆனால் தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். 2023 ஆகஸ்ட் 9 முதல் இந்தப் பரிசீலனை கடுமையாகிவிட்டது: காரணம் ஏற்கப்படாவிட்டால் விண்ணப்பமே செல்லாததாகி, தகுதி பற்றிய கேள்விக்குள் அதிகாரிகள் நுழையவே மாட்டார்கள். சிறு வயதில் பெற்றோர் விண்ணப்பிக்கத் தவறியது, கடும் நோய், மனநலக் குறைவு, குடும்ப வன்முறை போன்றவை ஏற்கப்படக்கூடிய காரணங்கள். 'எனக்குத் தெரியாது' என்று ஒற்றை வரியில் எழுதுவது போதாது. ஏன் தெரியவில்லை, எப்போது தெரியவந்தது, தெரிந்த பின் எத்தனை நாளில் செயற்பட்டீர்கள் என்பதைத் திகதிவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளையாவது இணைக்க வேண்டும். தெரிந்த பின்னும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் இத்தகைய விண்ணப்பத்தை அதிகம் பலவீனப்படுத்துகிறது. கட்டணம் கிடையாது, 2018இல் அறிவிக்கப்பட்ட 65 பவுண் கட்டணம் திட்டம் முழுமையாகத் திறக்கும் முன்னரே கைவிடப்பட்டது.

சான்றுகளைத் திரட்டுதல்

தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு செட்டில்ட் அந்தஸ்து, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை; அதற்குக் குறைவாக வாழ்ந்தவருக்கு ப்ரீ-செட்டில்ட், அதாவது தற்காலிக உரிமை. விண்ணப்பத்தில் தேசியக் காப்புறுதி எண்ணைக் கொடுத்தால், வரித் திணைக்களத்தின் பதிவுகளையும் உதவித்தொகைப் பதிவுகளையும் கணினி தானே தேடிப் பார்க்கும். முறையாகச் சம்பளச் சிட்டை பெற்று வேலை செய்தவருக்குப் பெரும்பாலும் இதிலேயே காரியம் முடிந்துவிடும்.

சிக்கல் மற்றவர்களுக்குத்தான். கையில் காசாகக் கூலி வாங்கியவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்த மனைவி, மகன் வீட்டில் வாழும் வயதான தாய் ஆகியோருடைய பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. வீட்டு ஒப்பந்தம் கணவர் பெயரில், மின் கட்டணம் மகன் பெயரில் என்றிருக்கும் குடும்பத்தில் அந்தப் பெண்மணி பத்து ஆண்டுகள் வாழ்ந்தும் காகிதத்தில் இல்லாதவர். அவர்களுக்கு முதலில் கைகொடுப்பது குடும்ப வைத்தியர்: எந்த ஆண்டு பதிவானார், எந்தெந்த நாட்களில் வந்தார் என்று வைத்திய நிலையத்திடம் கடிதம் கேட்கலாம். பிள்ளையின் பாடசாலை, தாயின் பெயரைக் குறிப்பிட்டுக் கடிதம் தரக்கூடும். மருத்துவமனைச் சந்திப்புக் கடிதங்கள், வங்கிக் கூற்றுகள், கவுன்சில் வரிக் கடிதங்கள், ஆங்கில வகுப்பில் சேர்ந்த கடிதம் ஆகியவையும் பயன்படும். எதுவானாலும் பெயரும் திகதியும் அதில் இருக்க வேண்டும். கும்பலாக நூறு தாள்களை ஏற்றுவதைவிட, ஒரு முழு ஆண்டை மூடும் ஓர் ஆவணம் மேலானது: வேலை கொடுப்பவர் ஆண்டிறுதியில் தரும் பி-60 படிவம் அத்தகையது. தனித் திகதியுள்ள ஒரு கடிதம் அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே சாட்சி.

ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, எதற்குச் சான்று உண்டு, எதற்கு இல்லை என்று குறியிடுங்கள். வெற்றிடம் எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் எந்தக் கடிதத்தைத் தேட வேண்டும் என்பது புரியும்.

நம்மவருக்கென்றே உள்ள ஒரு தொல்லை பெயர். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முதலில், பிரெஞ்சுக் கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராக, வங்கியில் முதலெழுத்து மட்டும், வைத்தியரிடம் பாதிப் பெயர் என்று ஒரே மனிதர் நான்கு பேராகத் தோன்றுவார். கணினித் தேடல் பொருந்தாமற்போவதற்கு இது போதும். கடவுச்சீட்டில் உள்ளபடியே விண்ணப்பியுங்கள். வேறு வடிவங்களைப் படிவத்தில் 'வேறு பெயர்கள்' கேட்கும் இடத்தில் எழுதுங்கள். வங்கியிலும் வேலையிடத்திலும் வைத்தியரிடமும் படிப்படியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வெளிநாட்டில் கழித்த நாட்கள்

செட்டில்ட் பெறுவதற்கான அடிப்படை விதி, எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் மொத்தமாக ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருக்கக்கூடாது என்பது. மகப்பேறு, கடும் நோய், படிப்பு, வேலை நிமித்தமான அனுப்புகை போன்ற முக்கிய காரணத்துக்காக ஒருமுறை மட்டும் பன்னிரண்டு மாதம் வரை போகலாம். ஊரில் தாய் தந்தையைப் பார்க்கப் போய் எட்டு மாதம் நின்றுவிட்டவர்களை இந்த விதி பலமுறை வருத்தியிருக்கிறது. 2025 ஜூலை முதல், ஏற்கனவே ப்ரீ-செட்டில்ட் வைத்திருப்பவர்களுக்கு மாற்று வழி வந்துள்ளது: அண்மைய 60 மாதங்களில் மொத்தம் 30 மாதங்கள் இங்கு வாழ்ந்திருந்தால் போதும். முன்னர் நம்பிக்கை இழந்தவர்கள் தங்கள் பயணத் திகதிகளை மீண்டும் கூட்டிப் பார்ப்பது நல்லது.

அந்தஸ்தைப் பெற்ற பின்னர், தொடர்ச்சியாக ஐந்து ஆண்டுகள் வெளியே இருந்தால் அது இழக்கப்படும். செட்டில்ட் பெற்ற சுவிஸ் குடிமக்களுக்கு நான்கு ஆண்டுகள்.

ப்ரீ-செட்டில்ட் வைத்திருப்பவர்கள்

ப்ரீ-செட்டில்ட் காலாவதியாகுமுன் செட்டில்ட்டுக்கான இரண்டாவது விண்ணப்பம் செய்யாததற்காக ஒருவரின் உரிமை தானாகவே பறிபோகும் என்ற உள்துறை அமைச்சின் விதி சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தது, இந்த உரிமைகளைக் கண்காணிக்க ஒப்பந்தத்தின்படியே அமைக்கப்பட்ட, சுவான்சியில் இயங்கும் சுயாதீனக் கண்காணிப்பு அமைப்பு. அதன் பின்னர் காலாவதி நாட்கள் தானாக நீட்டிக்கப்படுகின்றன; 2025 ஜனவரி முதல், தகுதியுள்ளவர்களைப் பதிவுகளைப் பார்த்துத் தானாகவே செட்டில்ட்டுக்கு மாற்றும் பணியும் நடக்கிறது.

இருந்தும், காத்திருக்காமல் தகுதி வந்த நாளிலேயே நீங்களே விண்ணப்பிப்பதே சரி என்பது என் துணிபு. தானியங்கி மாற்றம் பதிவுகளை நம்பியிருக்கிறது. மேலே சொன்ன இல்லத்தரசியையும் வயதான தாயையும் அது கண்டுகொள்ளாமற்போகலாம். ப்ரீ-செட்டில்ட் மட்டும் உள்ளவர் யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவி கேட்டால், வேலை செய்பவர் என்பது போன்ற வேறொரு வதிவிடத் தகுதியையும் பொதுவாகக் காட்ட வேண்டும். பிள்ளை பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவர் செட்டில்ட் ஆக இருந்தால், இங்கு பிறக்கும் அந்தப் பிள்ளை பிறப்பிலேயே பிரித்தானியக் குடிமகவு. இருவருமே ப்ரீ-செட்டில்ட் என்றால் அப்படியல்ல. அந்தப் பிள்ளைக்காகப் பிறந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளைதானே, நம்மோடு சேர்த்தி என்று விட்டுவிடுவது பின்னர் அந்தப் பிள்ளையின் பல்கலைக்கழக வாசலில் பிரச்சினையாக வந்து நிற்கும்.

வாழ்க்கைத் துணையை அழைப்பவர்கள் உறவு தொடங்கிய திகதியைப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பர் 31க்கு முன்னரே இருந்து இன்றும் தொடரும் உறவென்றால் இத்திட்டத்தின் கீழ்க் கட்டணமில்லாத குடும்ப அனுமதியுடன் அழைக்கலாம். அதற்குப் பின்னர் அமைந்த திருமணமென்றால் வழமையான துணைவர் விசாதான். 2024 ஏப்ரல் முதல் அதற்கான அடிப்படை வருமான எல்லை ஆண்டுக்கு 29,000 பவுண்.

கையில் அட்டை இல்லாத அந்தஸ்து

ஐரோப்பியக் குடிமக்களுக்கு இந்த அந்தஸ்து இணையத்தில் மட்டுமே இருக்கிறது. வேலை கொடுப்பவருக்கோ வீட்டு உரிமையாளருக்கோ காட்டுவதற்கு ஒன்பது எழுத்துக்களும் இலக்கங்களும் கொண்ட 'ஷேர் கோட்' ஒன்றை உருவாக்கிக் கொடுக்க வேண்டும். அது 90 நாட்களுக்குச் செல்லும். வேலைக்கான குறியீடு டபிள்யூ என்ற எழுத்திலும், வாடகைக்கானது ஆர் என்பதிலும், பிறவற்றுக்கானது எஸ் என்பதிலும் தொடங்கும். ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டு வேலை போய்விட்டதென்று பதறுபவர்கள் உண்டு.

கடவுச்சீட்டைப் புதுப்பித்ததும் யுகேவிஐ (பிரித்தானிய விசா, குடிவரவுத் துறை) இணையக் கணக்கில் புதிய எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பழைய எண்ணே இருந்தால் விமானத்தில் ஏறுமுன்னரே தடைபட நேரும். கணக்கில் உள்ள தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். 2019இல் உதவிக்கு வந்த உறவினரின் எண்ணிலோ, வேலையிடத்தின் மின்னஞ்சலிலோ பதிவாகியிருந்தால் இன்றே மாற்றுங்கள். தீர்மானக் கடிதத்தை அச்சிட்டு வையுங்கள். அது அத்தாட்சியாகாது என்று அதிலேயே எழுதியிருந்தாலும், கணக்கு முடங்கும் நாளில் உங்கள் விண்ணப்ப எண்ணைச் சொல்ல அது வேண்டும்.

மறுக்கப்பட்டால்

2023 அக்டோபருக்குப் பின்னரான தீர்மானங்களுக்கு நிர்வாக மீளாய்வு என்ற மலிவான வழி இல்லை. மேன்முறையீடுதான்: பிரித்தானியாவுக்குள் இருந்தால் 14 நாட்கள், வெளியே இருந்தால் 28 நாட்கள். தகுதி இருந்தும் ஆவணம் குறைந்ததால் மறுக்கப்பட்டதென்றால் புதிய விண்ணப்பமும் சாத்தியம்தான்; ஆனால் அது இறுதி நாளுக்குப் பிந்தியதாகையால் தாமதக் காரணத்தை மறுபடி விளக்க வேண்டிவரும். ஆகவே 14 நாள் கழிவதற்குள் ஆலோசனை பெறுங்கள். பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; நன்றாகத் தமிழ் பேசுகிறார், கோவிலில் தெரிந்தவர் என்பவை தகுதிகள் அல்ல. சட்டத்தரணியா, அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவானவரா என்பதைப் பணம் கொடுக்குமுன் பொதுப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

குடியுரிமைக்குப் போகுமுன்

செட்டில்ட் பெற்று பன்னிரண்டு மாதங்களின் பின்னர் பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிரித்தானியரை மணந்தவர் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே பார்க்க வேண்டியது பிரித்தானியச் சட்டத்தை மட்டுமல்ல. பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. டென்மார்க் 2015 செப்டெம்பரிலும், நோர்வே 2020 ஜனவரியிலும், ஜேர்மனி 2024 ஜூனிலும் அனுமதிக்கத் தொடங்கின. நெதர்லாந்தோ, சில விலக்குகள் நீங்கலாக, விரும்பி வேறொரு குடியுரிமை பெறுபவரின் டச்சுக் குடியுரிமையை அப்போதே தானாக நீக்கிவிடுகிறது. பிரித்தானியக் குடியுரிமை பெறுபவர் அதே நாளில் ஐரோப்பாவில் வாழவும் வேலை செய்யவும் உள்ள உரிமையை இழப்பார் என்பது இதன் பொருள். விலக்குகளில் ஒன்று, மணந்திருக்கும் துணைவரின் நாட்டுக் குடியுரிமையைப் பெறுவது. எனவே டச்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தம்பதியர், யார் முதலில் விண்ணப்பிப்பது, யார் பின்னர் என்பதை டச்சுச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டே படிவத்தைத் தொட வேண்டும்.