பழைய கசெற்றிலுள்ள தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைக் கணினிக்கும் டிவிடிக்கும் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்து வீடுகளின் அலுமாரித் தட்டுகளில் இன்னமும் இருக்கும் வீஎச்எஸ் கசெற்றுகளில் கலியாண வீடியோக்கள் மட்டும் இல்லை. 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர் அதில் வந்த தமிழ் நிகழ்ச்சிகளையும், உயரமான அன்ரனாக் கம்பங்களின் உதவியோடு கடலுக்கு அப்பாலிருந்து பிடித்த தூரதர்ஷன் நிகழ்ச்சிகளையும் டெக்கில் பதிந்து வைத்தவர்கள் பலர். அவற்றின் மூலப் பிரதி ஒளிபரப்பிய நிலையத்தில் பத்திரமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு இருந்துவிடுவது முதல் தவறு. நாடா விலை கூடியதாக இருந்த காலத்தில் உலகின் பல தொலைக்காட்சி நிலையங்கள் தாம் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளை அழித்து அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்தன. ஆகவே வீட்டில் பதிந்த பிரதியே ஒரு நிகழ்ச்சியின் எஞ்சிய ஒரே பிரதியாக இருக்கக்கூடும். இன்னொரு பக்கம், உலகில் கடைசியாக வீஎச்எஸ் டெக் தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. இப்போது ஓடும் டெக்குகள் யாவும் பழையவை. அவற்றின் பெல்ட்டும் ரப்பர் உருளையும் தேய்ந்து வருகின்றன. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதற்கு அதிக காலம் இல்லை.

குறைந்த செலவில் இதைச் செய்ய முடியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெரும்பாலானோர் சிக்கனம் பிடிக்கும் இடம் தவறாக அமைந்துவிடுகிறது. கணினிக்கும் மென்பொருளுக்கும் பணத்தைச் செலவழித்துவிட்டு, கிடைத்த டெக்கில் கசெற்றைப் போடுகிறார்கள். நாடாவிலிருந்து படத்தை எடுத்துத் தருவது டெக்கின் தலைப்பகுதிதான். அங்கே இழந்ததை எந்த மென்பொருளாலும் பின்னர் மீட்க முடியாது. தேவையான மென்பொருள்கள் அனைத்தும் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே கையில் உள்ள சிறு தொகையை நல்ல டெக் ஒன்றைத் தேடுவதிலும், அதைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்தித் துப்புரவாக்குவதிலும் செலவிடுவதே அறிவு.

டெக் கிடைத்தவுடன் ஆவலில் கசெற்றை உள்ளே தள்ளுவது அடுத்த தவறு; இதுவே அதிக சேதத்தை உண்டாக்குவது. நமது மாரி காலத்து ஈரப்பதனில் பல ஆண்டுகள் கிடந்த நாடாக்களில் பூஞ்சணம் பிடித்திருப்பது சாதாரணம். கசெற்றின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே சுருளைப் பார்த்தால் விளிம்புகளில் வெள்ளைத் தூள் போலவோ சிலந்தி வலை போலவோ தெரியும். அத்தகைய கசெற்றை ஓட்டினால் நாடா தலைப்பகுதியோடு ஒட்டிக் கிழியலாம். அதைவிட மோசமாக, உதிரும் பூஞ்சணம் டெக்கினுள் தங்கி அடுத்தடுத்துப் போடும் நல்ல கசெற்றுகளுக்கும் பரவும். பூஞ்சணம் பிடித்தவற்றை முதலிலேயே பிரித்து, வேறு பெட்டியில் ஒதுக்கி வைத்து, துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். 1995 ஒக்ரோபர் இறுதியில் நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வின்போது வீட்டோடு விடப்பட்டு, பிறகு மீட்கப்பட்ட கசெற்றுகளை இந்த விடயத்தில் இருமடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும். மழைநீரும் மண்ணும் உள்ளே புகுந்திருக்கலாம்.

பார்வைக்கு நன்றாக உள்ள கசெற்றிலும் இரண்டு காரியங்களைச் செய்த பின்னரே பதிவைத் தொடங்க வேண்டும். கசெற்றின் முதுகுப் பக்கத்து மூலையில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட வேண்டும்; அது இருக்கும்வரை, தவறுதலாகப் பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்டால் பழைய நிகழ்ச்சி அழிந்துபோகும். முன்பு யாராவது அந்த ஓட்டையை ஒட்டுநாடாவால் மூடியிருந்தால் அதையும் உரித்துவிட வேண்டும். பிறகு கசெற்றைக் கடைசிவரை முன்னோக்கி ஓட்டி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்ற வேண்டும். பல ஆண்டுகள் அசையாமல் இருந்த சுருளின் இறுக்கம் ஒரே சீராவதால் படம் ஆடுவது குறையும்.

தலைப்பகுதியைத் துடைக்கும்போது காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பாவிக்கவே கூடாது. சுழலும் உருளையின் விளிம்பில் உள்ள காந்தத் தலைகள் மிக நுண்ணியவை. பஞ்சு நார் அவற்றில் சிக்கினால் உடைந்துவிடும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த, நூல் பிரியாத துணியை அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையின் மேற்பகுதியைக் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது.

புலம்பெயர்ந்த உறவுகள் நிறைந்த நம் ஊரில் மட்டும் அடிக்கடி நேரும் ஒரு தவறு இருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் ஒளிபரப்பு ‘பால்’ முறையில் அமைந்தது. அதில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். கனடாவில் இருந்ததோ என்ரிஎஸ்சி முறை. 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். பிரான்சில் செக்காம் முறை வழங்கியது. கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய கசெற்று இங்குள்ள டெக்கில் ஓடவில்லை என்பதற்காக அது பழுதாகிவிட்டது என்று வீசிவிடக் கூடாது; பிரான்சுக் கசெற்று கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் அதில் நிறம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. இங்குள்ள சில டெக்குகள் என்ரிஎஸ்சி கசெற்றையும் ஓட்டிக் காட்டும். ஆனால் அவை வெளியே அனுப்புவது இரு முறைகளும் கலந்த ஒரு சமிக்ஞை. தொலைக்காட்சிப் பெட்டி அதை ஏற்றுக்கொள்ளும். விலை குறைந்த பதிவுக் கருவிகள் பலவற்றில் படம் உருளும் அல்லது நிறமில்லாமல் வரும். அத்தகைய கசெற்றுகளுக்குப் பல முறைகளையும் உள்ளபடியே வெளியிடும் டெக்கைத் தேட வேண்டும், அல்லது கனடாவிலேயே மாற்றிவிட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். கனடா டெக்கையே வரவழைக்கலாம் என்றால், அது 120 வோல்ற்றில் ஓடுவது என்பதை மறக்கக் கூடாது. நமது 230 வோல்ற் மின்சாரத்தில் நேரே செருகினால் கருகிவிடும், மின்மாற்றி அவசியம்.

டெக்கையும் கணினியையும் இணைக்கும் யூஎஸ்பி பதிவுக் கருவிகள் இன்று மலிவு. ஒரே பெயரும் ஒரே பெட்டியும் கொண்டவற்றின் உள்ளே வெவ்வேறு மின்னணுச் சில்லுகள் இருப்பதால், ஒருவருக்கு நன்றாக வேலை செய்தது இன்னொருவருக்குச் செய்யாமல் போகிறது. ஆகவே பணத்தைத் திருப்பித் தரும் அல்லது மாற்றித் தரும் கடையில் வாங்கி, முக்கியமில்லாத ஒரு கசெற்றை முழுமையாகப் பதிந்து பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் பதிந்து பார்த்துத் திருப்தி அடைவது போதாது. படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான விலகல் ஒரு மணி நேரம் கடந்த பின்னரே வெளிப்படையாகத் தெரியும்.

அந்த விலகலின் காரணத்தை விளங்கிக்கொள்வது பயன் தரும். பழைய நாடா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒவ்வொரு வரியும் சற்று முந்தியோ பிந்தியோ வருகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சி அதைப் பொறுத்துக்கொண்டது. பதிவுக் கருவியோ நேரம் பிசகிய படத்தைக் கைவிட்டுவிடுகிறது. ஒலி மட்டும் தொடர்ந்து ஓட, உதடு ஒரு பக்கம் சொல் ஒரு பக்கம் ஆகிறது. இதைச் சீராக்கும் தொழில்முறைக் கருவிகளின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. ஆனால் பாவித்த டிவிடி ரெக்கோடர் ஒன்று, குறிப்பாகப் பனசொனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்றவை, டெக்குக்கும் பதிவுக் கருவிக்கும் நடுவே வைக்கப்பட்டால் இந்த ஆட்டத்தைப் பெருமளவு அடக்கிவிடுகிறது. அதில் டிவிடி எழுதும் பகுதி பழுதாகியிருந்தாலும் பரவாயில்லை. சமிக்ஞை உள்ளே போய் வெளியே வந்தால் போதும். மலிவாகக் கிடைக்கும் தீர்வுகளில் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மாறாக, மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு பெட்டிகளை வாங்குவது வீண் செலவு. அவை 4:3 அளவுப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து முகங்களைப் பருக்கச் செய்கின்றன. வரிகளையும் அவசரமாகக் கலக்கிவிடுகின்றன. வீஎச்எஸ் நாடாவில் இல்லாத நுணுக்கம் 1080 வரிகளாகப் பெருப்பிப்பதால் வந்துவிடாது.

மென்பொருளில் நிகழும் தவறுகளின் வேரும் இந்த வரிகளில்தான் இருக்கிறது. ‘பால்’ முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதிகளாக, நொடிக்கு 50 தடவை வருகிறது. நேரலை ஒளிபரப்புக்காக உருவான ஓபிஎஸ் போன்ற மென்பொருளை அதன் வழமையான அமைப்பிலேயே விட்டுப் பதிந்தால், அது நொடிக்கு 30 அல்லது 60 படம் என்று கணக்கை மாற்றி, உயரத்தையும் மாற்றி, இரு பாதிகளையும் ஒன்றோடொன்று குழப்பிவிடும். அசையும் கைகளின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற கோடுகள் நிரந்தரமாகிவிடும். இலவசமான வேர்ச்சுவல்டப்2 போன்ற மென்பொருளில் 720×576 அளவில், நொடிக்கு 25 படமாக, வரிகளைத் தொடாமல் அப்படியே பதிவதே சரி. ஒலியை 48 கிலோஹேர்ட்ஸில் வைக்க வேண்டும். டிவிடிக்கு அதுவே தேவை. டெக்கில் ஒற்றை ஒலி வெளியீடு மட்டும் இருந்தால், அதை இரு பக்கமும் வருமாறு பிரித்துக் கொடுக்காவிட்டால் நிகழ்ச்சி முழுவதும் ஒரு காதில் மட்டுமே கேட்கும். மடிக்கணினியில் பதியும்போது இரைச்சல் கேட்டால் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

இடம் சேமிக்கும் எண்ணத்தில் முதற் பதிவையே சிறிய எம்பி4 கோப்பாகச் செய்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நாடாவின் புள்ளி இரைச்சல் சுருக்கத்துக்கு எளிதில் அடங்காதது. சுருக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. ஹஃப்வையூவி போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 40 கிகாபைற் வேண்டும். அது பெரிய அளவுதான்; ஆனால் திருத்தி முடித்த பின் அழித்து, நல்ல தரத்தில் சுருக்கிய பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளி வன்தட்டு எஃப்ஏரி32 என்ற கோப்பு முறையில் இருந்தால் 4 கிகாபைற்றோடு பதிவு நின்றுவிடும். என்ரிஎஃப்எஸ் முறைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மின்வெட்டுக்காகவும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்காகவும் டெக்கை யூபிஎஸ் ஒன்றில் இணைப்பது நல்லது. நாடா சுற்றிய நிலையில் மின்சாரம் போனால் அது உள்ளே சிக்கிக்கொள்ளும்.

திருத்தும்போது விளம்பரங்களையும் அறிவிப்பாளரையும் செய்திச் சுருக்கத்தையும் வெட்டி எறிவது பலருக்கு வழக்கம். தயவுசெய்து மூலக் கோப்பில் அதைச் செய்ய வேண்டாம். நாடகத்தின் இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கலாம். அன்று எந்தச் சவர்க்காரம் விளம்பரமானது, அறிவிப்பாளர் தமிழை எப்படி உச்சரித்தார், திகதி என்ன என்பவற்றைக் காட்டுவது இந்த இடைவெளிகளே. பார்ப்பதற்கான பிரதியில் மட்டும் வெட்டிக்கொள்ளலாம்.

டிவிடியைப் பொறுத்தவரை, எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் எழுதிவிட்டு, அப்பாவின் பிளேயரில் ஓடவில்லையே என்று வருந்துவோர் பலர். டிவிடி வீடியோவுக்கு எம்பெக்-2 வடிவமும் அதற்குரிய கோப்புறை அமைப்பும் தேவை; டிவிடி ஸ்ரைலர் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் செய்துவிடும். வரி அமைப்பை அதில் அப்படியே விடலாம், டிவிடி அதை ஏற்கும். கைபேசிக்கும் கணினிக்குமான பிரதியில் மட்டும் வரிகளைப் பிரித்து நொடிக்கு 50 படமாக மாற்ற வேண்டும். 4.7 கிகாபைற் வட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணித்தால் தரம் விழும். மூன்று மணி நேரக் கசெற்றை இரண்டு வட்டுகளாக்குங்கள். மிகக் கூடிய வேகத்தில் எழுத வேண்டாம், காகித ஒட்டியை மேலே ஒட்டவும் வேண்டாம். டிவிடி ரெக்கோடரில் நேரடியாக எழுதியவர்கள் வட்டை முடித்துப் பூட்டாவிட்டால் (‘ஃபைனலைஸ்’ செய்யாவிட்டால்) வேறு பிளேயரில் அது திறக்காது.

எழுதக்கூடிய டிவிடியின் சாயப் பூச்சு வெப்பத்திலும் வெளிச்சத்திலும் கெடுவது. ஆகவே வட்டு பார்ப்பதற்கு. பாதுகாப்பதற்கு இரண்டு வன்தட்டுகள், அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில். கோப்புக்கு ‘வீடியோ1’ என்று பெயர் வைக்காமல் ஒளிபரப்பிய நிலையம், நிகழ்ச்சி, தெரிந்த ஆண்டு, கசெற்றின் மேல் எழுதப்பட்டிருந்த குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பெயரிடுங்கள். உறையையும் ஒரு படம் பிடித்து வையுங்கள். நிகழ்ச்சியின் உரிமை ஒளிபரப்பியவருக்கும் ஆக்கியவருக்கும் உரியது என்பதால் விற்பதோ பொதுவெளியில் ஏற்றுவதோ கூடாது. அரிதான பதிவென்று தோன்றினால், 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வரும் நூலகம் நிறுவனத்திடம் கேளுங்கள். மாற்றி முடித்த கசெற்றையும் உடனே எறிந்துவிடாதீர்கள். முழுக் கோப்பையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒருவர் இருந்து பார்த்து, ஒலியும் படமும் சரி என்று உறுதி செய்யும்வரை அது பெட்டிக்குள் நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும்.