பேய் வீட்டு ரைடில் வரும் ஆவியைப் பெட்டிக்குள் வரவழைப்பது எப்படி?

டிஸ்னிலாண்டில் 1969 ஆகஸ்டில் திறந்த ஹான்டட் மேன்ஷன் ரைடில் ஒரு நடனக்கூடம் வரும். உடல் ஊடுருவித் தெரிய, ஆவிகள் ஜோடி ஜோடியாகச் சுழலும். அது ஹோலோகிராம் இல்லை. பொம்மைகள் வண்டிப் பாதைக்கு மேலும் கீழும் ஒளிந்திருக்கின்றன. நமக்கும் கூடத்துக்கும் நடுவில் நிற்கும், ஊடுருவிப் பார்க்கக்கூடிய பெரிய கண்ணாடித் தகட்டில் விழும் அவற்றின் பிம்பத்தைத்தான் பார்க்கிறோம். 1862-இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிய அதே வித்தை.

வீட்டில் செய்ய, அகலமும் உயரமும் 40 செ.மீ., ஆழம் 80 செ.மீ. உள்ள பெட்டி போதும். முன்பாதியின் இடது சுவரை முழுசாக எடுத்துவிட்டு, அங்கே 40 செ.மீ. கனசதுரப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் ஒட்டுங்கள். பொம்மைக்கான இடம் அது. அந்தக் கண்ணாடிக்குப் பதிலாக, 57 × 40 செ.மீ. தெளிவான அக்ரிலிக் (பிளாஸ்டிக்) ஷீட்டை முன்பாதியில் குறுக்காக நிறுத்துங்கள்: முன்பக்க வலது மூலையில் தொடங்கி, இடது சுவர் திறப்பின் பின்விளிம்பில் முடிய வேண்டும். கோணம் சரியாக 45 பாகை.

பொம்மை ஷீட்டுக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, ஆவி ஷீட்டுக்குப் பின்னால் அவ்வளவு தூரம். திறப்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே, பக்கப்பெட்டியின் நடுவில் பொம்மையை ஷீட்டைப் பார்த்தபடி வையுங்கள். ஆவி பெட்டியின் முன்முகத்திலிருந்து 55 செ.மீ. தள்ளித் தெரியும். ஒரு பொம்மை நாற்காலியை அங்கே போட்டால் ஆவி அதில் உட்காரும். இடவலம் மாறும் என்பதால் எழுத்து எதையும் திருப்பி எழுதுங்கள்.

சொதப்புவது பெரும்பாலும் வெளிச்சத்தில்தான். 45 பாகையில் ஷீட் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். ஆகவே பொம்மைக்குப் பளீரென்ற எல்இடி, நாற்காலிக்கு மங்கலான விளக்கு. இரண்டுக்கும் தனித்தனி டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி). பொம்மைக்குப் பின்னால் கறுப்பு வெல்வெட் கட்டாயம். கறுப்பு பெயின்ட் பளபளத்து, ஆவியைச் சுற்றிச் சாம்பல் நிறச் சதுரம் தெரியும். விளக்கு வெல்வெட்டில் படாமல் பக்கவாட்டிலிருந்து விழட்டும். சுவிட்சைத் தட்டாமல் டிம்மரை மூன்று நொடியில் ஏற்றுங்கள். திடீரென்று வந்தால் பல்பு எரிந்தது போலத்தான் இருக்கும்.

ஆவி இரட்டையாகத் தெரிகிறதா? ஷீட்டின் இரு பரப்பும் பிரதிபலிக்கின்றன. 6 மி.மீ. ஷீட்டில் இரண்டு பிம்பமும் சுமார் 4.5 மி.மீ. விலகும், 2 மி.மீ. ஷீட்டில் 1.5 மி.மீ.தான். ஆனால் மெல்லிய ஷீட் வளையும், வளைந்தால் முகம் கோணும். பெட்டியின் அடியிலும் மேலும் காடி (நீளமான பள்ளம்) எடுத்து ஷீட்டை அதில் செருகுங்கள். உலர்துணியால் துடைத்தால் நிலைமின்னேறித் தூசியை இழுக்கும், அந்தத் தூசியே ஷீட்டைக் காட்டிக்கொடுக்கும். ஈரமான மைக்ரோஃபைபர் நல்லது.

முன்முகத்தை மூடி, நடுவில் 20 செ.மீ. சதுரத் துளை மட்டும் விடுங்கள். வலப்பக்கம் ஒதுங்கி எட்டிப் பார்ப்பவருக்குப் பொம்மையே தெரிந்துவிடும் என்பதால், இடது சுவர் திறப்பின் முன்விளிம்பில் ஒரு கறுப்பு அட்டையையும் மறைப்பாக ஒட்டுங்கள்.