வீட்டு ஃபிளைட் சிமுலேட்டருக்கு மூன்று மானிட்டர் அமைப்பது எப்படி

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டரில், ஒரே மானிட்டரை வைத்து நேராகப் பறப்பதில் பெரிய சிரமம் இல்லை, சுற்றி வந்து தரையிறங்கும்போதுதான் கஷ்டம் தெரியும். மதுரை விமான நிலையத்தில் (விமான நிலையங்களுக்கான சர்வதேச ஐசிஏஓ குறியீடு விஓஎம்டி) 27-ஆம் ரன்வேயில் மேற்கே பார்த்துக் கிளம்பி, இடப்பக்கமாக ஒரு சுற்று அடித்து அதே ரன்வேயில் இறங்கப் பாருங்கள். தெற்குப் பக்கம் கிழக்கு நோக்கிப் போகிற நேரம் ரன்வே உங்கள் இடது தோள் பக்கம் கிடக்கும், திரையில் அதன் சுவடே இருக்காது. பக்கத்துக்கு ஒரு மானிட்டர் இருந்தால் இது பெருமளவு தீரும். ஆனால் மூன்றை வரிசையாக வைத்துக் கேபிள் சொருகினால் மட்டும் போதாது. மானிட்டர் திரும்பியிருக்கும் கோணமும் சிமுலேட்டருக்கு நாம் சொல்லும் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும், எல்லாமே அதில்தான் இருக்கிறது. கீழே சொல்வது எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டரை வைத்து, விண்டோஸ் கம்ப்யூட்டரில்.

முதலில் பொருள்கள்

ஒரே அளவு, ஒரே ரெசல்யூஷன், முடிந்தால் ஒரே மாடலில் மூன்று மானிட்டர். 24 அங்குல ஃபுல் எச்டி தாராளமாகப் போதும். பக்கத்து மானிட்டர்களைக் கொஞ்சம் சாய்வாகப் பார்க்க நேரும் என்பதால் ஐபிஎஸ் பேனலாக இருப்பது நல்லது. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கடை ஏறி இறங்கிப் பழையது வாங்குவதானால், மூன்றையும் அங்கேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். ஒன்று மட்டும் மஞ்சளடித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும், வீட்டுக்கு வந்தபின் வானம் மூன்று நிறத்தில் தெரிந்து என்ன பண்ணுவது?

மூன்று கேபிளும் கிராஃபிக்ஸ் கார்டில்தான் போக வேண்டும். மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் ஒன்றைச் சொருகினால் படம் வரலாம், ஆனால் வேகம் அடிபடும். இப்போதைய கார்டுகள் பலவற்றில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ இருக்கும். மானிட்டரில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட்-டு-எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக்கொள்ளுங்கள். திசை முக்கியம்: கார்டில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ. சாதாரண கேபிள் எதிர்த்திசையில் வேலை செய்யாது.

கோணம்: நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை

24 அங்குல மானிட்டரில் படம் தெரியும் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து நடு மானிட்டர் 60 சென்டிமீட்டரில் இருந்தால் அது உங்கள் பார்வையில் 48 டிகிரியை அடைக்கும். பக்கத்து மானிட்டர்களும் கண்ணிலிருந்து அதே தூரத்தில், கண்ணைப் பார்த்தபடி திரும்பியிருக்க வேண்டும். இரண்டு திரைகளுக்கு நடுவில் வரும் மானிட்டர் ஓரச் சட்டங்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரு டிகிரி கூட்டினால் 49. அதாவது நடு மானிட்டரோடு ஒப்பிட்டால் பக்கத்து மானிட்டர் 49 டிகிரி திரும்பி நிற்கும்.

பாகைமானி எதுவும் வேண்டாம், ஒரு நூல் போதும். கெட்டியான தையல் நூலில் ஒரு முனையிலிருந்து 60 சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு, 66-இல் இன்னொரு முடிச்சு போடுங்கள். பறக்கும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி உட்கார்ந்து, நூலின் முனையைப் புருவ மத்தியில் வைத்துக்கொண்டு, வீட்டில் யாரையாவது மறுபக்கத்தை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மானிட்டரின் நடுவிலும் முதல் முடிச்சு தொட வேண்டும், இடது வலது ஓரங்களில் இரண்டாவது முடிச்சு தொட வேண்டும். வெளி ஓரத்துக்கு நூல் எட்டவில்லை என்றால் அந்த ஓரத்தை உங்கள் பக்கம் இழுங்கள். மூன்று மானிட்டரிலும் இது சரியாக வந்தால் கோணம் தானாகவே சரியாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் உயரம்: மூன்றின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மானிட்டரின் பின்னால் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகு ஓட்டைகள் இருந்தால் கை வைத்த ஸ்டாண்டு மாட்டலாம், அல்லது பக்கத்து வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து இரும்பில் அடித்து வாங்கலாம். சரி செய்தபின் நாற்காலி நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். நாற்காலி நகர்ந்தால் கணக்கும் நகரும்.

விண்டோஸில்

விண்டோஸ் கீயோடு பி அழுத்தி எக்ஸ்டெண்ட் தேர்ந்தெடுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஐடென்டிஃபை அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் எண் வரும், மேசையில் இருக்கும் வரிசையிலேயே அந்தப் பெட்டிகளை இழுத்து வையுங்கள். நடுவில் இருப்பது மெயின். மூன்றுக்கும் ஸ்கேலிங் 100 சதவீதம், ரெஃப்ரெஷ் ரேட் ஒன்றே. முடிந்தது.

எக்ஸ்-பிளேனில்

செட்டிங்ஸ், கிராஃபிக்ஸ், அதில் மானிட்டர் கான்ஃபிகரேஷன். மூன்று மானிட்டருக்கும் ஃபுல்-ஸ்க்ரீன் சிமுலேட்டர் என்று கொடுங்கள். ஃபீல்ட் ஆஃப் வியூ (ஒரு திரை காட்டும் கோணம்) மூன்றுக்கும் 48. லேட்டரல் ஆஃப்செட் (காட்சி பக்கவாட்டில் திரும்பும் கோணம்) நடுவுக்கு 0, இடதுக்கு மைனஸ் 49, வலதுக்கு 49.

என்விடியா சரவுண்ட் போட்டு மூன்றையும் ஒரே அகலத் திரையாக்கும் வழியும் உண்டு. அதில் முழுக் காட்சியும் ஒரே தட்டையான படமாக வரையப்படுவதால் ஓரங்களில் உருவங்கள் இழுபட்டுத் தெரியும். எக்ஸ்-பிளேனில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனிக் காட்சி கொடுக்க முடிகிறபோது அதை விட்டுவிட்டுச் சரவுண்டுக்குப் போகாதீர்கள்.

இப்போது மதுரையிலிருந்து கிளம்புங்கள். 27-இல் ஓடும்போது திருப்பரங்குன்றம் வலது திரைப் பக்கம் வரும். மேலே ஏறியதும் விமானத்தை ஒரு பக்கம் சாய்த்துத் தொடுவானத்தைக் கவனியுங்கள். நடுத் திரையில் சாய்ந்து போகும் கோடு சட்டத்தைத் தாண்டி அடுத்த திரையில் அதே நேரில் தொடர வேண்டும். சட்டத்தின் இரு பக்கமும் ஒரே காட்சி திரும்ப வந்தால் ஆஃப்செட்டை ஒரு டிகிரி கூட்டுங்கள் (இடதுக்கு மைனஸ் 50, வலதுக்கு 50), நடுவில் ஏதோ விடுபட்டதுபோல் இருந்தால் குறையுங்கள். பிறகு இடப்பக்கச் சுற்று. உங்களுக்கு இப்போது பக்கத்துக்கு 73 டிகிரி தெரிகிறது, 90 இல்லை. ஆகவே ரன்வேயின் கிழக்கு முனை இடது திரையின் ஓரத்தைத் தாண்டி மறையும், அது எப்போது மறைகிறது என்று பார்த்துவைத்தால் அங்கிருந்து நேரம் எண்ணித் திரும்பலாம். திரும்பியதும் ரன்வே மறுபடி இடது திரைக்குள் வந்துவிடும். மறைந்திருக்கும்போது பார்க்க ஜாய்ஸ்டிக்கில் பார்வையைத் திருப்பும் ஹேட் ஸ்விட்ச் இருக்கிறது.

மூன்று ஃபுல் எச்டி சேர்ந்தால் சுமார் 62 லட்சம் பிக்சல், ஒரு 4கே திரையின் 83 லட்சத்தைவிடக் குறைவுதான். ஆனாலும் மூன்று காட்சிகளைத் தனித்தனியாக வரைவதால் பிராசஸருக்கும் வேலை கூடும். திக்கினால் முதலில் வேர்ல்ட் ஆப்ஜெக்ட்ஸை (தரையில் தெரியும் கட்டடம் போன்றவற்றை) குறையுங்கள், அப்புறம் நிழல்களை. டெக்ஸ்சரைக் கடைசியில் தொடுங்கள்.

மின்சாரம் அடிக்கடி போய் வரும் வீடென்றால், இவ்வளவையும் மாட்டும்முன் யுபிஎஸ்ஸின் வாட் அளவைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரும் மூன்று மானிட்டரும் சேர்ந்தால் சின்ன 600 விஏ யுபிஎஸ் தாங்காது. அதையே வைத்துச் சமாளிக்க வேண்டுமானால் பக்கத்து மானிட்டர்கள் இரண்டையும் நேரடி பிளக்கில் போட்டுவிட்டு, மின்சாரம் போனதும் விமானத்தைச் சேமித்துச் சிமுலேட்டரை மூடிவிடுங்கள்.